காரின் மைலேஜும் காலின் நிதானமும்

 

ஒளூச் செய்யும்போது குழாயைத் திறந்தே விட்டுவிட்டால் பிள்ளைகளைக் கண்டிக்கிறோம். தட்டில் சோற்றை மீதம் வைத்தால் வருந்துகிறோம். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுழன்றால் ஓடிச் சென்று நிறுத்துகிறோம். வீண்விரயம் கூடாது என்பதை நம் வீடுகளில் யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், வீட்டு வாசலைத் தாண்டிக் காருக்குள் அமர்ந்தவுடன் இந்தப் பாடம் நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது. தண்ணீரும் சோறும் வீணாவது கண்ணுக்குத் தெரிகிறது. பெட்ரோல் வீணாவது தெரிவதில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இன்று நம் குடும்பங்களில் பல, இருசக்கர வாகனத்திலிருந்து சிறிய காருக்கு மாறியிருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ். பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மழையில் நனையாமல் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அது உதவுகிறது. ஆனால் கார் வாங்கிய சில மாதங்களிலேயே ஒரு புலம்பல் தொடங்கிவிடுகிறது. "லிட்டருக்கு இருபத்து நான்கு என்று சொல்லி விற்றார்கள், பதினான்குகூடத் தரவில்லையே!" என்பதே அது. குற்றம் யாருடையது? காருடையதா, விற்றவருடையதா, பெட்ரோல் பங்க்கினுடையதா? நான்காவதாக ஒருவரும் உண்டு. அவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும் நாம்தான் என்பதே எங்கள் கருத்து.

ஒரே கார், இரண்டு கணக்கு

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம். ஆயிரம் சிசிக்குச் சற்றுக் குறைவான என்ஜின் கொண்ட, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய காரை வாங்கினோம். நகருக்குள் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டு சென்றோம். ஏர் ஃபில்டரையும் பிளக்குகளையும் பார்த்தார்; பிறகு எங்கள் மூத்த மகனை ஓட்டச் சொல்லித் தாம் பக்கத்தில் அமர்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். இறங்கியவர், "வண்டியில ஒண்ணும் இல்ல பாய், தம்பி கால்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமலேயே அனுப்பிவிட்டார்.

மகனுக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே ஒரு சோதனை செய்வதென்று வீட்டில் முடிவாயிற்று. டேங்க்கை முழுவதும் நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் மகன் மட்டுமே ஓட்டினார். அடுத்த மாதம், நாற்பது வயதுக்குமேல் ஓட்டக் கற்றுக்கொண்ட அவருடைய உம்மா மட்டுமே ஓட்டினார். அதே பள்ளிக்கூடம், அதே கடைவீதி, அதே சிக்னல்கள். மகனின் கணக்கு பதினான்கு. உம்மாவின் கணக்கு பதினெட்டு.

இதில் எங்களுக்கு வெட்கமும் உண்டு. உம்மா ஓட்டும்போதெல்லாம் அவரைக் கேலி செய்தவர்கள் நாங்கள். "உம்மா, நீங்க ஓட்டுனா வலீமா முடிஞ்சு பாத்திரம் கழுவுற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவோம்" என்று மகன் சொல்ல, எல்லோரும் சிரிப்போம், அவரும் சிரிப்பார். நாம் பயம் என்று எண்ணியது நிதானம் என்பதைப் பெட்ரோல் கணக்குத்தான் எங்களுக்குக் காட்டித் தந்தது.

மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். பதினான்கு என்றால் 57 லிட்டர். பதினெட்டு என்றால் 44 லிட்டருக்குச் சற்றே அதிகம். மாதம் 12 லிட்டருக்கும் மேல் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பதினான்காயிரம், பதினைந்தாயிரம் ரூபாய். வாடகை, பள்ளிக் கட்டணம், முதியோரின் மருந்து என்று ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையா?

விளம்பர எண் எங்கிருந்து வருகிறது?

நிறுவனங்கள் சொல்லும் மைலேஜ் முழுப்பொய் என்று கருதிவிட வேண்டாம். புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனைக்கூடங்களில், உருளைகளின் மீது காரை நிறுத்தி ஓட்டி, அந்த அளவை எடுக்கிறார்கள். இருபது நிமிடங்களுக்கும் குறைவான அந்த ஓட்டத்தில் அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். சராசரி வேகம் 30 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வேகம் கூடுவதும் குறைவதும் மெதுவாக, முன்பே வகுக்கப்பட்ட முறையில் நடக்கும். ஏசி ஓடாது, சாலையில் பள்ளம் இராது, ஆட்டோ குறுக்கே வராது. காரோடு காரை ஒப்பிடத்தான் அந்த எண் பயன்படும். நம் தெருவில் அதை அப்படியே எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் அந்த எண்ணுக்கும் நாம் பெறுவதற்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஒரு பகுதி நம் கையில்தான், இல்லை, காலில்தான் இருக்கிறது.

அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை தரும் அறிவுரை ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. திடீர் வேகம், திடீர் பிரேக் என்று முரட்டுத்தனமாக ஓட்டினால், நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரையும், நின்று நின்று செல்லும் நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடு வரையும் மைலேஜ் குறையும் என்கிறது அத்துறை. எங்கள் வீட்டுப் பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடும் இந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது.

பிரேக்கில் கரையும் பெட்ரோல்

நான்கு பேர் அமர்ந்த சிறிய கார் ஏறத்தாழ 1,150 கிலோ எடை இருக்கும். அதை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரத் தோராயமாக 20 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகிறது. பிரேக்கை அழுத்தி நிறுத்தியதும் அந்த ஆற்றல் முழுவதும் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. இப்படி ஐம்பது முறை சீறிப் புறப்பட்டு ஐம்பது முறை அழுத்தி நிறுத்தினால் ஒரு லிட்டர் போயிற்று. அதற்கு ஒரு கிலோமீட்டர்கூட நாம் கூடுதலாகப் பயணம் செய்திருக்க மாட்டோம்.

தொலைவில் சிக்னல் சிவப்பாகத் தெரிகிறது. இருந்தும் ஆக்சிலேட்டரை மிதித்து, முன்னால் செல்பவரை முந்தி, சிக்னலில் சென்று நிற்கிறோம். நாம் முந்தியவர் மெதுவாக வந்து நம் பக்கத்திலேயே நிற்கிறார். நாம் வென்றது என்ன?

சிவப்பைக் கண்டவுடனேயே காலை எடுத்துவிடுவதுதான் அறிவுடைமை. இன்றைய பெட்ரோல் கார்களில், கியரிலேயே இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், என்ஜினுக்குச் செல்லும் எரிபொருள் பெரும்பாலும் நின்றுவிடும். சக்கரங்களே என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சில விநாடிகள் நமக்கு இலவசப் பயணம்.

நியூட்ரலில் உருட்டினால் மிச்சமாகும் என்று நம்புவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நியூட்ரலில் என்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டியிருக்கிறது. ஆகவே அங்கு மிச்சம் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் மலைச்சாலையில் இறங்கும்போது அது பேராபத்தும்கூட. என்ஜினின் பிடி இல்லாமல் முழுச்சுமையும் பிரேக்குகள் மீது விழ, அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கத்தில் என்ஜினையே அணைத்துவிடுவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். பத்து ரூபாய் பெட்ரோலுக்காகப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைப்பது சிக்கனம் ஆகாது.

எண்பதும் நூறும்

நெடுஞ்சாலையில் நம் எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. 80-லிருந்து 100-க்குச் சென்றால் வேகம் கூடுவது கால் பங்குதான். காற்றின் எதிர்ப்போ 56 விழுக்காடு கூடிவிடும். சிறிய என்ஜின் அதை ஈடுகட்டத் திணறித்தான் ஓடும். எங்கள் காரில், 80-ஐத் தாண்டாதபோது லிட்டருக்கு 20 கிலோமீட்டரும், 100-ஐ ஒட்டிச் சென்றபோது 16 கிலோமீட்டரும் கிடைத்தன. சென்னையிலிருந்து திருச்சி செல்லும் வழியில் 300 கிலோமீட்டருக்கு என்று கணக்கிட்டால், 15 லிட்டருக்குப் பதில் 18 லிட்டருக்கும் மேல் ஆகிறது.

மிச்சப்படும் நேரம் எவ்வளவு? காகிதத்தில் 45 நிமிடங்கள். சுங்கச்சாவடி, ஊர்களின் நெரிசல், லாரிகளின் வரிசை எல்லாம் சேர்ந்து அதிலும் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்ளும். எஞ்சியதை வழியில் தேநீருக்கு நிறுத்தும்போது நாமே செலவழித்துவிடுவோம்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். பிரேக் பிடித்தபின் கார் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் இதே கணக்கில்தான் வளர்கிறது. 80-ல் நிற்பதைவிட 100-ல் நிற்க 56 விழுக்காடு கூடுதல் தூரம் வேண்டும். பெட்ரோலைக் குடிக்கும் அதே பழக்கம்தான் உயிரையும் குடிக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டு நிக்காஹுக்குப் புறப்பட்டோம். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஏழே முக்காலுக்குத்தான் கிளம்பினோம். ஒருவருக்குச் சட்டை இஸ்திரி ஆகவில்லை. ஒருவர் செருப்பைத் தேடினார். இழந்த நேரத்தைச் சாலையில் பிடித்துவிடலாம் என்று கார் 110-ல் சென்றது. சாலைத் தடுப்பின் இடைவெளி ஒன்றில், பால் கேன்களைக் கட்டிய இருசக்கர வாகனத்தில் ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். கார் அலறி, வழுக்கி, அவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றது. அவர் எங்களைத் திட்டவில்லை. ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பின்னிருக்கையில் பிள்ளைகள் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. அன்று நாங்கள் நிக்காஹைத் தவறவிடவும் இல்லை. அங்கே தொடங்கவே தாமதமாகியிருந்தது.

அவசரத்தின் வேர்

அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் சிந்தித்துப் பார்த்தது இதைத்தான்: காலைக் கட்டுப்படுத்து என்று ஓட்டுபவரிடம் சொல்வது பாதிதான். அவரை அவசரப்படுத்துவது வீட்டிலுள்ள நாம் எல்லோரும். தாமதமாகப் புறப்பட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போகக் கூடாதா?" என்று பின்னிருக்கையிலிருந்து கேட்பவர்களும் அந்தப் பெட்ரோலில் பங்காளிகளே.

வெள்ளிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். ஜும்ஆவின் நேரம் முன்னரே தெரிந்தது, வாரந்தோறும் வருவது. இருந்தும் பயான் முடியும் நேரத்தில் வீட்டிலிருந்து கிளம்பி, மூன்று கிலோமீட்டரைப் பறந்து கடந்து, கிடைத்த இடத்தில், பிறர் வாசலை அடைத்தபடிக்கூட, காரை நிறுத்துகிறோம். தொழுகைக்கு ஓடி வர வேண்டாம், அமைதியோடு நடந்து வாருங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கால்களுக்குச் சொல்லப்பட்ட அந்த நிதானம் சக்கரங்களுக்கு இல்லையா? பள்ளிவாசல் நடக்கும் தூரத்தில் இருந்தால் காரே தேவையில்லை. பள்ளியை நோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று நம்புகிறவர்கள், அரைக் கிலோமீட்டருக்குச் சாவியைத் தேடுவது வியப்பு. குளிர்ந்த என்ஜின் சூடேறும் முதல் சில கிலோமீட்டர்களில்தான் பெட்ரோலும் புகையும் மிகுதி என்பதால், குறுகிய பயணமே காருக்கு மிகவும் கேடு.

தொழுகை முடிந்து வெளியே வந்தால் இன்னொரு காட்சி. ஏசியை ஓடவிட்டு, காரை நிறுத்தாமல், நண்பரோடு பத்து நிமிடம் பேச்சு. சிறிய பெட்ரோல் என்ஜின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டர் அளவுக்குக் குடிக்கும். ஏசியும் ஓடினால் இன்னும் கூடும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் வாசலில் நிற்கும் முதியவர்களும் சிறுவர்களும். என்ஜினை அணைத்து மீண்டும் இயக்க ஆகும் எரிபொருள், ஏறத்தாழ பத்து விநாடி சும்மா ஓடுவதற்கு ஆவதே. ஆகவே நீண்ட நேரம் நிற்கும் சிக்னலிலும், ரயில்வே கேட்டிலும், பள்ளிக்கூட வாசலிலும் அணைத்துவிடுவதே நன்று.

இது கஞ்சத்தனமா?

சிலர் கேட்கலாம்: "அல்லாஹ் வசதி தந்திருக்கிறான், நான்கு சொட்டுப் பெட்ரோலுக்கு இவ்வளவு கணக்கா?" சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கோடை வெயிலில் கைக்குழந்தையும் வயதான வாப்பாவும் காரில் இருக்கும்போது ஏசியை அணைத்து வாட்டுவது கஞ்சத்தனம். ஏசியைப் போட்டுக்கொண்டு நிதானமாகச் செல்வது சிக்கனம். தேய்ந்த டயரை மாற்றாமல் ஓட்டுவது கஞ்சத்தனம். உள்ள டயரில் சரியான காற்றை வைத்திருப்பது சிக்கனம்.

மேலும், பெட்ரோல் நம் பணம் மட்டுமன்று. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வெளிநாட்டிலிருந்தே வாங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நாம் விலையைக் கொடுத்துவிட்டோம் என்பதால் அந்தக் காற்று நம்முடையதாகிவிடாது. அது எல்லோருக்கும் பொதுவான அமானிதம்.

மற்றொரு பக்கமும் உண்டு. மெதுவாகச் செல்கிறேன் என்று நெடுஞ்சாலையின் வலப்புறத் தடத்தில் ஐம்பதில் ஊர்ந்து, பின்னால் வருவோர் அனைவரையும் இடப்புறம் முந்தத் தூண்டுவது நிதானம் அன்று. அது பிறருக்கு இடையூறு. இடப்புறத் தடத்தில், சாலையின் ஓட்டத்துக்கு ஏற்றவாறு சீராகச் செல்ல வேண்டும். காற்றின் எதிர்ப்பு குறையும் என்று லாரியின் வாலைப் பிடித்துச் செல்வதும் அறிவீனமே.

வீட்டில் செய்யத் தக்கவை

கடினமான எதையும் நாம் சொல்லவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லும் ஒட்டுச்சீட்டு பெரும்பாலான கார்களில் இருக்கும். மாதம் இருமுறை, டயர் சூடேறும் முன், அந்த அளவைச் சரிபாருங்கள். குடும்பத்தோடும் மூட்டைகளோடும் செல்லும்போது வேண்டிய அளவு தனியே குறிக்கப்பட்டிருக்கும். டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கிவிடுங்கள். சிறிய காருக்குச் சிறிய சுமையும் பெரிதுதான். பயணம் முடிந்ததும் கூரைமேல் பொருத்திய கேரியரைக் கழற்றி வையுங்கள். கியரை உரிய நேரத்தில், என்ஜின் இரைவதற்கு முன்பே மாற்றுங்கள். ஆனால் கார் உதறும் அளவுக்கு உயர்ந்த கியரிலும் இழுக்க வேண்டாம். ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது பொழுது குளிர்ச்சியாக இருந்தால் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போடுவதே மேல்.

எல்லாவற்றுக்கும் முன், ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் காரில் வையுங்கள். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் தேதி, ஓடிய தூரம், லிட்டர், ஓட்டியவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் யாருடைய அறிவுரையும் செய்யாததை அந்த நோட்டு செய்தது. இப்போது மகனின் கணக்கு பதினேழைத் தொட்டிருக்கிறது. பதினெட்டைத் தாண்டிக் காட்டுவதாகத் தம் உம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துவிட்டு, "மொதல்ல நேரத்துக்கு எந்திரி" என்றார்.

பெருநாள் விடுமுறை வந்தால் நம்மில் பலர் ஊருக்குப் புறப்படுவோம். முந்தைய இரவே துணிகளை எடுத்துவைத்து, ஃபஜ்ரு தொழுதுவிட்டு, அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்புவோம். ஓட்டுபவரை யாரும் அவசரப்படுத்த மாட்டோம் என்று காரில் ஏறும்போதே ஒப்புக்கொள்வோம். மிச்சமாகும் பெட்ரோல் காசை அந்தப் பெருநாளிலேயே ஒரு தேவையுள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், இன்ஷா அல்லாஹ்.

நம் பயணங்களையும், நம்மால் பிறர் செல்லும் பாதைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக! ஆமீன்.